பழைய நகரத்தின் வயது

போன வருஷம் ஜூலையில் நண்பன் ஒருவன் வார்சாவிலிருந்து படம் அனுப்பினான். கல் பாவிய சதுக்கம். மஞ்சளும் செம்மண் நிறமுமாக ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் ஒடுங்கிய வீடுகள். நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னிச் சிலை. கீழே, 'பதிமூணாம் நூற்றாண்டு லா! நம்ம ஊர்ல நூறு வருஷக் கட்டடம் ஒண்ணு இருந்தாலே பெருமை பேசிக்கிட்டு திரியிறோம்' என்று எழுதியிருந்தான். நான் பதில் போட்டேன்: 'அந்தச் சதுக்கம் 1953ல கட்டி முடிச்சது. எங்க பாட்டி அதைவிட மூத்தவங்க.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரே வரி: 'அப்போ டூப்ளிகேட்டா?'

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்தது. டூப்ளிகேட் என்றால் நமக்கு பசார் மாலாமில் விற்கும் கைக்கடிகாரம்தான் ஞாபகம் வரும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அசல் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். விற்பவன் அதை மறைத்து, இதுதான் அது என்று நம்மை நம்ப வைக்க வேண்டும். வார்சாவின் பழைய நகரத்தில் இரண்டுமே கிடையாது. அசல் எங்கும் இல்லை. கட்டியவர்கள் எதையும் மறைக்கவும் இல்லை. யுனெஸ்கோ 1980இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, 'ஏறத்தாழ முழுவதும் மறுபடி கட்டப்பட்டது' என்ற காரணத்துக்காகவே ஏற்றது. பொய் சொல்லாத ஒன்றை எப்படிப் போலி என்பது? அதே சமயம், எழுநூறு வருஷத்து முகத்தை மாட்டிக்கொண்டு நிற்கும் எழுபது வருஷத்துச் சுவரை உண்மை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த நகரம் எப்படிச் செத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வார்சா விஸ்துலா நதியின் இரண்டு கரையிலும் இருக்கிறது. இடது கரை மேட்டில் அரண்மனையும் பழைய நகரமும். வலது கரையில் ப்ராகா என்ற பகுதி. 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தன; அரண்மனை எரிந்தது. 1940 நவம்பரில் நகரத்தின் நடுவே சுவர் எழுப்பி யூதர்களை உள்ளே அடைத்தார்கள். ஊர் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், நகரப் பரப்பில் மூன்று விழுக்காடுகூட இல்லாத இடத்தில். 1942 கோடையில் இரண்டே மாதத்தில் அவர்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை ட்ரெப்ளின்காவுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள். 1943 ஏப்ரல் 19 அன்று மிஞ்சியிருந்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். நான்கு வாரம் நடந்த சண்டையின்போதே கெட்டோ தெருத்தெருவாகக் கொளுத்தப்பட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1, மாலை ஐந்து மணிக்கு, போலந்தின் தலைமறைவுப் படை நகரம் முழுக்க எழுந்தது. 63 நாள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். நதிக்கு அந்தப் பக்கம் செஞ்சேனை நின்றது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சரணடைந்ததும் சண்டை முடிந்தது. அழிவு முடியவில்லை. மிச்சமிருந்த மக்களை வெளியே துரத்திவிட்டு, காலி நகரத்தைத் திட்டம் போட்டு எரித்தார்கள். எரியாததை வெடி வைத்துத் தகர்த்தார்கள். க்ராசின்ஸ்கி நூலகம் எரிக்கப்பட்டது 1944 அக்டோபரில், துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு. ராணுவக் காரணம் ஒன்றும் இல்லை. பல நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் வேண்டுமென்றே சாம்பலாக்கப்பட்டன. 1945 ஜனவரியில் ஜெர்மானியர் போனபோது நகரத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இடிபாடு. தலைநகரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதற்குள் மக்கள் திரும்பி வரத் தொடங்கி, நிலவறைகளில் அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

காலம் ஒரு கட்டடத்தை அழித்தால் அது முதுமை, அழகுகூட. சிதைந்த கோட்டைகளின் முன் நாம் ஏக்கத்தோடு படம் எடுத்துக்கொள்கிறோம். வார்சா முதுமையில் விழவில்லை. கொலை செய்யப்பட்டது. இந்த வித்தியாசத்தை மிகத் தெளிவாகப் பார்த்தவர் யான் ஸக்வதோவிச் என்ற கட்டடக் கலைஞர், மறுகட்டுமானத்தை முன்நின்று வாதாடியவர்களில் முக்கியமானவர். அவருடைய துறையில் ஒரு நெறி இருந்தது: இழந்தது இழந்ததுதான், மிஞ்சியதைக் காப்பாற்று, இல்லாததை நகலெடுக்காதே. நல்ல நெறி. அவரும் அதை மதித்தவர்தான். 1946இல், தாங்கள் செய்யப்போவது அந்த நெறியின்படி ஒரு பொய்யாக்கம் என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டே அதைச் செய்ய வேண்டும் என்றார். ஒரு சமூகத்தின் கலைச்சின்னங்களைத் துடைத்தெறிய ஒருவன் முடிவெடுத்தான். நாம் நெறி பேசிக்கொண்டு சும்மா இருந்தால் அவன் முடிவுதான் நிலைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. குறிப்பாக, அவர் தன் தவறுக்கு வேறு நல்ல பெயர் வைக்காதது. தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்: பலகை பலகையாக மாற்றினால் அது அதே கப்பலா? அந்தப் புதிர் இங்கே பொருந்தாது. இங்கே யாரும் ஒவ்வொரு பலகையாக மாற்றவில்லை. கப்பலைக் கொளுத்தியவன் ஒருவன். கடலோரம் நின்றவர்கள் ஞாபகத்திலிருந்து இன்னொன்றைச் செய்தார்கள். 'அதே கப்பலா' என்பதைவிட, 'கொளுத்தியவனுக்கு என்ன பதில்' என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி.

ஞாபகத்துக்கு ஆதாரங்கள் இருந்தன. போருக்கு முன் வார்சா பாலிடெக்னிக் மாணவர்கள் பழைய வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்திருந்தார்கள். வெறும் பாடப் பயிற்சி. அந்த வரைபடங்கள் ஆக்கிரமிப்புக் காலத்தில் நகரத்துக்கு வெளியே கடத்தி ஒளித்துவைக்கப்பட்டுத் தப்பின. மார்க் வாங்குவதற்காக எவனோ ஒரு மாணவன் சலிப்போடு வரைந்த ஜன்னல் விளிம்பு, பத்து வருஷம் கழித்து அந்த ஜன்னலின் ஒரே சாட்சி! இன்னொரு ஆதாரம் பெர்னார்டோ பெல்லோட்டோவின் ஓவியங்கள். கனலெட்டோவின் மருமகன், மாமாவின் பெயரையே தானும் போட்டுக்கொண்டவர். 1760களின் கடைசியிலிருந்து 1780இல் சாகும்வரை போலந்து மன்னருக்காக வார்சாவை வரைந்தார். தெருவில் போகிறவர்களின் உடுப்பு மடிப்புவரை துல்லியம். ஆனால் ஓவியர் ஓவியர்தானே? கண்ணுக்கு இதமாக அங்கங்கே கட்டடங்களைத் திருத்தவும் செய்திருக்கிறார். ஆக, இருபதாம் நூற்றாண்டுக் கொத்தனார்கள் பதினெட்டாம் நூற்றாண்டு நகரத்தோடு சேர்த்து ஒரு பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்பனையையும் கட்டினார்கள்.

இங்கிருந்துதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. அவர்கள் 1939ஐ மீட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றிய கூடுதல் மாடிகளும், கொல்லைப்புறத்தில் நெருக்கி அடித்த வாடகைக் குடியிருப்புகளும் பலவும் திரும்பவில்லை. முதலாளித்துவ அசிங்கம் என்பது அந்தக் காலத்துத் திட்டக்காரர்களின் எண்ணம். புனித யோவான் பேராலயம் போருக்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்போடு நின்றது. இன்று நிற்பது ஸக்வதோவிச் வரைந்த, அந்த வட்டாரத்து கோதிக் பாணி இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்த முகப்பு. அதாவது, கொலையான ஒருவருக்குச் சிலை வைக்கும்போது அவர் இளவயதுப் படத்தைத் தேடி எடுத்தார்கள். குடும்பங்களில் நாம் செய்வதுதான். மாலை போட்ட படத்தில் தாத்தா எப்போதும் நாற்பது வயதில்தான் இருக்கிறார்.

செங்கல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இவ்வளவு கட்ட இடிபாட்டுச் செங்கல் போதவில்லை. போருக்குப் பின் எல்லைகள் நகர்ந்ததில் ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் ஆகியிருந்தது. அதுவும் சிதைந்துகிடந்தது. அங்கிருந்து ரயில் ரயிலாகச் செங்கல் வார்சாவுக்கு வந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய பழைய கட்டடங்களையும் இடித்துச் செங்கல் எடுத்தார்கள். 'முழு தேசமும் தன் தலைநகரைக் கட்டுகிறது' என்பது அன்றைய முழக்கம். ஒரு நகரத்தின் நினைவை எழுப்ப இன்னொரு நகரத்தின் நினைவைப் பெயர்த்தது அந்த முழக்கத்துக்குள் அடங்கிப்போயிற்று. அது எதிரியின் நகரமாக இருந்தது, அதனால் பரவாயில்லை என்று நினைத்திருப்பார்கள். அந்த வருஷங்களில் அப்படி நினைக்காதவன் மனிதனே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இருந்தாலும் செங்கலுக்கு எதிரி, நண்பன் தெரியுமா?

இதையெல்லாம் நண்பனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, வேற எங்க போகணும்?' என்றான். முரானூவ் போ என்றேன். பழைய நகரத்திலிருந்து இருபது நிமிஷ நடை. ஒரு மணி நேரம் கழித்து வந்த படத்தில் சாதாரண நான்கு மாடி அடுக்ககங்கள், மரங்கள், பூட்டி வைத்த சைக்கிள்கள். 'ஒண்ணுமே இல்லையே? நம்ம பிளாட் மாதிரிதான் இருக்கு.'

'வாசலுக்குப் போக எத்தனை படி ஏறுனே?'

'பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஏன், மேடா இது?'

மேடு இல்லை. கெட்டோவின் பெரும்பகுதி இருந்த இடம் முரானூவ். 1943இல் அதை அழித்த பிறகு அங்கே மிஞ்சியது செங்கல் கடல். அதற்கு நடுவே ஒரு தேவாலயமும் சில கட்டடங்களும். எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. போஹ்தான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர் இடிபாட்டை அள்ளாமல் அதைச் சமன்படுத்தி அதன் மேலேயே குடியிருப்பு கட்டினார். இடிபாட்டை அரைத்துச் சிமெண்டோடு கலந்து வார்த்த கட்டிகளால் சுவர் எழுப்பினார். அதனால்தான் பல கட்டடங்கள் தெருவைவிட உயரத்தில் நிற்கின்றன, படி ஏற வேண்டியிருக்கிறது. அந்தப் படிகளுக்கு அடியில் ஒரு நகரத்தின் சமையலறைகளும் தையல் இயந்திரங்களும் இருக்கின்றன. எலும்புகளும் இருக்கின்றன.

சுவர்களுக்குப் பூச்சு வேண்டாம் என்பது லாஹெர்ட்டின் எண்ணம். அந்தச் செந்நிறச் சாம்பல் நிறம் அப்படியே தெரியட்டும், அதுவே நினைவிடம். குடிவந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இருட்டாக இருக்கிறது, துக்க வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள். சில வருஷத்தில் பூசி, வெள்ளையடித்து, அலங்கார விளிம்புகள் வைத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போரில் எல்லாம் இழந்து, முதல்முறையாகக் குழாயில் தண்ணீர் வரும் வீடு கிடைத்த ஒரு தாயிடம், உன் சுவர் ஒரு கல்லறைக் கல், அதை அப்படியே வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? அந்தத் துக்கத்தைச் சுமக்க வேண்டியது அவள் மட்டும்தானா?

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரே நகரம், ஒரே எதிரி, ஒரே பத்தாண்டு. ஒரு பகுதியில் ஜன்னல் விளிம்புவரை தேடித் தேடி எழுப்பினார்கள். இன்னொரு பகுதியைச் சமன்படுத்தி மேலே வீடு கட்டினார்கள். 'முழு தேசம்' என்ற முழக்கத்தில் தேசம் என்றால் யார் யார் என்று அந்த வரைபட மேசையில் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. எதை மீட்க வேண்டும் என்ற பட்டியலே அதைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் கெட்டோவையும், அதற்கு முன்பிருந்த யூத வார்சாவையும் அதேபோலக் கட்டியிருக்க வேண்டுமா? நான் பல முறை யோசித்தேன். நலெவ்கி தெருவை அப்படியே எழுப்பி, எபிரேய எழுத்துப் பலகைகளை மாட்டி, கடைகளைத் திறந்துவைத்திருந்தால்? கடைக்காரர் இல்லை. வாங்க வருபவர் இல்லை. அந்த மொழியில் பேரம் பேசுகிறவர் இல்லை. அது சினிமா செட்டாகத்தான் இருந்திருக்கும். பழைய நகரத்தை எழுப்ப முடிந்தது, அதில் வாழ மக்கள் திரும்பி வந்ததால். கட்டடம் போலியா இல்லையா என்பதை, அதற்குள் காலையில் பால் காய்ச்சுகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் போலிருக்கிறது. முரானூவில் கட்டாமல் விட்டது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. சரியான காரணத்துக்காகத்தான் விட்டார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. செலவு, அவசரம், புதிய சோஷலிசக் குடியிருப்பு பற்றிய கனவு, 1945 அக்டோபரில் நகரத்து நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கிய ஆணை, உரிமை கேட்டு வர ஆளில்லாத நிலைமை. தவறான காரணங்களால் ஒரு சரியான காரியம் நடந்துவிட்டால் அதற்கு நன்றி சொல்வதா, சந்தேகப்படுவதா?

முரானூவுக்கு அடியிலிருந்து வெளிவந்த ஒன்றைப் பற்றி இலக்கியம் படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் கெட்டோவுக்குள் ஒரு ரகசியக் குழுவை அமைத்தார். நாட்குறிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, ரேஷன் சீட்டு, மிட்டாய்க் காகிதம், சுவரொட்டி என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் சேகரித்தார்கள். 1942இலும் 1943இலும் நோவோலிப்கி தெருவின் ஒரு பள்ளி நிலவறையில் அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946இல் ஒரு பகுதி கிடைத்தது, 1950இல் இன்னொன்று. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. பாலிடெக்னிக் மாணவர்களின் வரைபடங்களும் இந்தப் பெட்டிகளும் ஒரே நம்பிக்கையில் ஒளித்துவைக்கப்பட்டவை: நாளை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றை வைத்து நகரம் கட்ட முடிந்தது. இன்னொன்றை வைத்து வாசிக்க மட்டுமே முடியும்.

இப்போது நதி.

1944 ஆகஸ்டில் எழுச்சி தொடங்கியபோது செஞ்சேனை வார்சாவின் கிழக்கே வந்துவிட்டிருந்தது. ஜெர்மானியரின் எதிர்த்தாக்குதலால் அது அங்கே தடைப்பட்டது உண்மை. அதன் பிறகும் வாரக்கணக்கில், உதவி போடவந்த நேச நாட்டு விமானங்கள் தன் தளங்களில் இறங்க ஸ்டாலின் அனுமதி தரவில்லை என்பதும் உண்மை. செப்டம்பர் நடுவில் ப்ராகா அவர்கள் கைக்கு வந்தது. சோவியத் தலைமையின் கீழிருந்த போலந்து வீரர்கள் சில பிரிவினர் நதியைக் கடந்து, பெரும் இழப்போடு பின்வாங்கினார்கள். மற்றபடி ஒரு பெரும் படை சில நூறு மீட்டர் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றது, எதிர்க்கரையில் நகரம் எரிந்தது. லண்டனில் இருந்த போலந்து அரசுக்கு விசுவாசமான படை அது. அழிந்தால் ஸ்டாலினுக்கு வசதி. போலந்துக்காரர்கள் அந்தக் கரையை மறக்கவே இல்லை. நியாயம்தான்.

ஆனால் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, 1943 ஏப்ரலில், கெட்டோ எரிந்துகொண்டிருந்தபோது, சுவருக்கு வெளியே க்ராசின்ஸ்கி சதுக்கத்தில் குடைராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. செஸ்வாவ் மிவோஷ் அதைக் கவிதையாக்கினார். 'காம்போ தே ஃபியோரி' என்று தலைப்பு. 1987இல் யான் ப்வோன்ஸ்கி என்ற விமர்சகர் அந்தக் கவிதையையும் மிவோஷின் இன்னொரு கவிதையையும் முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நாங்கள் எத்தனை பேரைக் காப்பாற்றினோம், உதவினால் மரண தண்டனை என்ற நிலையில் என்ன செய்திருக்க முடியும் என்று கணக்குச் சொல்லித் தற்காத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, முதலில் நம் பங்கை ஒப்புக்கொள்வோம் என்பது அவர் கேட்டுக்கொண்டது. கொலையில் பங்கு இல்லை. அக்கறையில் குறைந்தோம் என்ற பங்கு. நாடு கொதித்தது. காப்பாற்றியவர்களும் நிஜம், யூதர்களுக்கு உதவ ஷெகோட்டா என்ற ரகசிய அமைப்பே இருந்தது. அதைச் சொல்லித்தான் பலர் அவரைத் திட்டினார்கள்.

1943இல் சுவருக்கு வெளியே நின்றவர்களுக்கு 1944இல் நதி தண்டனையாக வந்தது என்று யாராவது சொன்னால் அது கேவலமான பேச்சு. ராட்டினத்தில் ஏறியவனும் அடுத்த ஆகஸ்டில் செத்தவனும் ஒருவனே என்று யார் சொன்னது? கடற்கன்னிக்கு விஸ்துலா கரையில் இன்னொரு சிலை உண்டு, 1939இல் வைத்தது. அதற்கு மாதிரியாக நின்றவர் கிரிஸ்டினா க்ராஹெல்ஸ்கா, கவிஞர். எழுச்சியின் முதல் நாள், காயம்பட்டவனுக்கு உதவப் போனபோது குண்டு பட்டு, மறுநாள் இறந்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் சொல்ல நினைப்பது வேறு. சுவருக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்பதை அந்த நகரம் இரண்டு பக்கத்திலிருந்தும் அறிந்திருக்கிறது. ஒரு பக்கத்து அறிவை அது கல்லில் கட்டிப் பாதுகாத்தது. மறுபக்கத்து அறிவைச் சொல்ல நாற்பது வருஷம் கழித்து ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. இப்போது கெட்டோ சுவர் போன வழியில் நடைபாதையில் இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். முரானூவில் போலந்து யூதர்களின் வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் திறந்தது. பழைய நகரத்தைப் பார்த்து 'டூப்ளிகேட்' என்று கேட்கத் தோன்றுகிற நமக்கு, முரானூவைப் பார்த்து எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. அங்கே நம் கண்ணை உறுத்த ஒன்றும் இல்லையே.

கடைசி நாள் நண்பனிடம், நிஜமாகவே பழைய வீடுகளைப் பார்க்கணும்னா பாலத்தைத் தாண்டி ப்ராகாவுக்குப் போ என்றேன். அந்தப் பக்கம் அவ்வளவாக அழியவில்லை. குண்டுத் துளைகளோடு போருக்கு முந்தைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. போனான். ஆனால் வீடுகளைப் படம் எடுத்து அனுப்பவில்லை. கரையில் மணல்திட்டு இருக்கிறதாம், இளசுகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம், இவனும் உட்கார்ந்துவிட்டான். வந்த படத்தில் தண்ணீர், அதற்கு மேலே அரண்மனை, பேராலயம், செம்மண் நிற வீடுகள். பெல்லோட்டோ 1770இல் ப்ராகாவிலிருந்து வரைந்த காட்சி கிட்டத்தட்ட அதே கோணம்.

'இங்கேருந்து பார்த்தா எல்லாமே தெரியுதுடா,' என்று எழுதியிருந்தான். 'ஆளுங்க நடந்து போறதுகூட.'

மணி எட்டரை. இன்னும் இருட்டவில்லை என்றான்.